பின்னாடி ரூம்

எங்கள் அறைக்குத் தனி வாசல். பள்ளிக்கூடத்தின் முன் கேட் மாட்டுப்பட்டி ரோட்டைப் பார்த்து இருக்கும். எங்கள் வாசல் பின்பக்கம், தேயிலைக் காட்டைப் பார்த்து. எங்கள் பிள்ளைகளுக்குச் சத்தம் ஆகாது என்று அந்தப் பக்கத்து மணியைக் கழற்றிவிட்டார்கள். அசெம்பிளிக்கு நாங்கள் போவதில்லை. மதியச் சாப்பாடு தூக்குவாளியில் தனியாக வரும், தட்டுகளும் தனி. எல்லாம் பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் என்று மேலேயிருந்து வந்த உத்தரவு சொன்னது. எழுதியவர் ஒருநாள் முழுக்க அந்த அறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம் என்று நான் ஸ்டாஃப் ரூமில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அது மூணாறில் இருக்கும் அரசாங்கத்துத் தமிழ் மீடியம் பள்ளி. நான் அங்கே ஸ்பெஷல் டீச்சர். மனசு கலங்கிப்போய் மற்ற வகுப்புகளில் இருக்க முடியாத பிள்ளைகள்தான் என் வகுப்பு. மேசையைக் கவிழ்க்கிறவன், தன் முடியைத் தானே பிடுங்கிக்கொள்கிறவள், தொட்டால் கடிக்கிறவன் என்று ஏழெட்டுப் பேர். அவர்களைச் சேர்க்கும் மலையாளப் படிவத்தில் ‘விகாரம்’ என்ற சொல் வரும். மலையாளத்தில் அதற்கு உணர்ச்சி என்று பொருள். கொழுந்து பறிக்கும் அம்மாக்களுக்கு அதைப் படித்துக் காட்டினால் முகம் கறுத்துப்போகும். ஒருத்தி மகனின் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பி, “எம்புள்ள மூஞ்சியில என்ன டீச்சர் விகாரத்தக் கண்டீங்க? ராசா மாதிரில்ல இருக்கான்?” என்று சண்டைக்கு வந்தாள். பையன் நிஜமாகவே அழகன். அன்றைக்கு என் மேசையைக் கவிழ்த்தவனும் அவனேதான்.

எங்களோடு ஓர் ஆயம்மா இருந்தார். கிழக்குப் பாலக்காட்டுக்காரர். தென்னந்தோப்பும் நெல்வயலுமாக வாழ்ந்த குடும்பம். மூணாறில் கடை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு மலை ஏறியவர். “எங்கூட்ல ஆளு வெச்சு வேல வாங்குனவிய டீச்சர் நாங்க” என்று நாளுக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார். சொல்லிக்கொண்டே கடிக்கிற பையனின் மூக்கைத் துடைப்பார். அவன் அவரை மட்டும் கடித்ததில்லை. நான் வண்டிப்பெரியார் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். எங்கள் பேச்சில் திருநெல்வேலி வாடை அடிக்கும். அவர் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரு ‘ங்க’ தொங்கும். நான் அவரைப்போலப் பேசிக் காட்டினால் கோபித்துக்கொள்வதுபோல நடித்துவிட்டுச் சிரிப்பார்.

ஒரு சிறுமி மழைக்காலம் முடிந்த பிறகு எங்களிடம் வந்தாள். நாலாம் வகுப்பு. எஸ்டேட் லயத்து வரிசையில் கடைசியாக இருந்த அவர்கள் வீட்டின்மேல் மண் சரிந்து அம்மா போய்விட்டாள். இவளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து எடுத்தார்கள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லையாம். அப்பா அதற்கு முன்பே திருப்பூர்ப் பக்கம் போய்த் திரும்பாதவர். அம்மாவின் அக்கா, அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள், இவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பள்ளியில் பழைய வகுப்பிலேயே கொஞ்ச நாள் உட்கார்ந்தாள். ஒருநாள் யாரோ பையைத் தொப்பென்று தரையில் போட, பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டவளை மாலைவரை வெளியே எடுக்க முடியவில்லை. மறுநாள் என்னிடம் அனுப்பிவிட்டார்கள்.

பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றாள். உள்ளே இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஆயம்மா எழுந்து போய், “வா சாமி, உள்ள வா. குளிருது பாரு சாமி” என்று கையைப் பிடித்தார். அவள் ஆயம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னிடம், “இவ்வளவு பேர்தானா?” என்று கேட்டாள்.

“இவ்வளவு பேர்தான். ஏன், பத்தாதா?” என்றேன் விளையாட்டாக.

“இன்னும் வருவாங்க,” என்று எனக்கு ஆறுதல்போலச் சொல்லிவிட்டு, வாசலுக்கு நேராக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அழவில்லை, கத்தவில்லை. இப்படி ஒரு பிள்ளை எங்கள் அறைக்கு வந்ததே இல்லை. சொன்னதை எழுதினாள், கேட்டதைப் படித்தாள். கதவு திறந்தால் மட்டும் தலை சட்டென்று நிமிரும். வந்தது யார் என்று பார்த்துவிட்டு மறுபடி குனிவாள். மதியம் தட்டில் சோறு வைத்தால் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி அசையாமல் இருப்பாள். ஜெபம் பண்ணுகிறாளாக்கும் என்று முதலில் நினைத்தேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கம். ஆனால் கண்ணைத் திறந்ததும் தட்டை மற்ற பிள்ளைகள் பக்கம் தள்ளிவிடுவாள். “இனி நீங்க சாப்பிடலாம்” என்பாள்.

“நீ சாப்பிடலையா?”

“சாப்பிட்டாச்சு டீச்சர்.”

சோறு வைத்தது வைத்தபடி இருக்கும். ஆயம்மா உருட்டி வாயருகே கொண்டுபோய், “ஒரே ஒரு வாய் சாமி, எஞ்சாமியல்ல” என்று கெஞ்சினால் அவருக்காக ஒன்றிரண்டு வாய் வாங்குவாள். அவ்வளவுதான். வீட்டிலும் இதே கதை என்றாள் பெரியம்மா. பால்தண்ணியும் பன்னும் தவிர எதுவும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் எடை பார்த்த டாக்டர், இன்னும் குறைந்தால் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டியிருக்கும், அப்போதும் உறுதி சொல்ல முடியாது என்றார். பின்கழுத்து எலும்பு சட்டைக்கு வெளியே துருத்த ஆரம்பித்திருந்தது.

அதற்குள் அறையே மாறிக்கொண்டிருந்தது. முதலில் சத்தம் குறைந்தது. மேசை கவிழ்க்கிற பையன் மேசைமேல் கைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முடி பிடுங்குகிறவள் பிடுங்கவில்லை. கடிப்பவன் வாயை இறுக மூடிக்கொண்டான். பேர் கூப்பிட்டால் “ஹாஜர்” என்று முன்பு கூரை பறக்கக் கத்துவார்கள். ஒரு திங்கட்கிழமை பேர்களைப் படித்துக்கொண்டே போகிறேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். கோபித்துக்கொண்ட முகமும் இல்லை, குறும்பும் இல்லை. வெளியே பனி இறங்கித் தேயிலைச் செடிகள் மறைந்துபோயிருந்தன. திறந்திருந்த வாசல் வழியாக அது மெல்ல உள்ளே வந்து பெஞ்சுகளுக்கு அடியில் பரவியது. நான் பதிவேட்டை மூடி வைத்துவிட்டேன்.

அந்த வாரம் ஆய்வுக்கு வந்த அதிகாரிக்குப் பரம சந்தோஷம். “எந்தொரு சாந்தத!” என்று மலையாளத்தில் அறையின் அமைதியை வியந்தார். இதேபோல மற்ற பள்ளிகளிலும் செய்ய வேண்டும் என்று போட்டோ எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் முதுகில் ஈரத்துணி போட்டதுபோல இருந்தது. பேய் பிசாசு என்றால் சிரிக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். அப்படி வளர்ந்தவளுக்கு அந்த அறைக்குள் தனியாகப் போகப் பயமாக இருந்தது என்று சொன்னால் என் தம்பிகள் நம்ப மாட்டார்கள். இருந்ததைச் சொல்கிறேன்.

அவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசுவது தெரியும். நான் அருகில் போனால் நின்றுவிடும். ஒருநாள் அலமாரிக்குப் பின்னால் சார்ட் தேடிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது.

“நீ எதுல?” அந்தச் சிறுமியின் குரல்.

“தண்ணியில.” மேசை கவிழ்க்கிற பையன். சின்ன வயதில் செக்டேமில் விழுந்து, ஊரே சேர்ந்து தூக்கி எடுத்த பிள்ளை அவன்.

“வலிச்சுச்சா?”

“காது அடச்சுக்கிச்சு. அப்புறம் ஒண்ணும் தெரியல.”

“எனக்கும் அப்படித்தான்,” என்றாள் அவள்.

கையில் இருந்த சார்ட்டைச் சத்தம் வராமல் கீழே வைத்தேன். ஏன் வெளியே வந்து என்னவென்று கேட்கவில்லை என்றால், கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆனால் மறுநாள் அவளே கேட்டுவிட்டாள். பிள்ளைகளை ஆயம்மா கை கழுவக் கூட்டிப்போயிருந்தார். அறையில் நானும் அவளும்தான். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தவள், மூடியபடியே கேட்டாள்.

“டீச்சர், நீங்க எதுல செத்தீங்க?”

“என்ன புள்ள கேக்கிற?”

கண்ணைத் திறந்தாள். “மண்ணுலயா, தண்ணியிலயா? சொல்லப் பிடிக்கலேன்னா சொல்ல வேண்டாம்.”

“நான் சாகலையே. உன் முன்னாடிதான உக்காந்திருக்கேன்?”

“நானுந்தான் உக்காந்திருக்கேன்,” என்றாள். ரொம்பப் பொறுமையாக, மக்கு மாணவிக்கு டீச்சர் சொல்லித்தருவதுபோல, எனக்கு விளக்கினாள். “அம்மா சாமியாயிட்டான்னு பெரியம்மா சொன்னா. செத்துப்போனாத்தான் சாமி. சாமிக்குப் பசிக்காதாம். படையல் வச்சா வாசம் மட்டும் எடுத்துக்குவாகளாம். இந்த ரூமுக்கு வந்தன்னைக்கே ஆயம்மா என்னய ‘வா சாமி’ன்னு கூப்பிட்டுச்சு. அப்பத்தான் எனக்கும் தெரிஞ்சுச்சு. இங்க இருக்க எல்லாரையும் சாமின்னுதான் கூப்பிடுது. மத்த புள்ளைகளுக்கும் நாந்தான் சொன்னேன். உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப, ‘சித்த படுத்துக்க சாமி’ன்னு சொல்லல?”

சொல்லியிருந்தார். மேசையில் தலை வைத்துப் படுத்திருந்தேன். ஆயம்மா தன் சால்வையைப் போர்த்திவிட்டுச் சொன்னது எனக்கும் நினைவிருந்தது.

அவர் ஊரில் பெற்ற பிள்ளையைக் கொஞ்சுவதற்கு அதுதான் சொல். கண்ணு என்பதுபோல, தங்கம் என்பதுபோல. எங்கள் மலையில் சாமி என்றால் சாமிதான். பிள்ளையை அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. எனக்கு அது ஆயம்மாவின் பேச்சில் தொங்கும் இன்னொரு ‘ங்க’.

“ஆயம்மா அவக ஊர்ல செல்லமா அப்படிக் கூப்பிடுவாக புள்ள,” என்றேன்.

அவள் நம்பவில்லை. அவளிடம் சாட்சிகள் நிறைய இருந்தன. “அப்ப இந்த ரூமுக்கு ஏன் தனி வாசல்? அங்க மணியடிச்சா நமக்குக் கிடையாது. அசெம்பிளிக்கு நம்மள யாரும் தேடல. முன்ன என்கூடப் படிச்ச புள்ளைக வழியில பாத்தாலும் பேசாம ஓடுதுக. தட்டுகூடத் தனி. படையல் தட்டு தனியாத்தான வைப்பாக?” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பரவாயில்ல டீச்சர். எனக்கு இங்க இருக்கப் பிடிச்சிருக்கு. அம்மாவும் சாமிதான, அவளும் இங்கதான் வரணும். அவளுக்கு முழங்கால் வலி. மேட்டுல மெதுவாத்தான் ஏறுவா.”

கை கழுவிவிட்டுப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

மாலையில் பிள்ளைகள் போன பிறகு ஆயம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நெஞ்சோட வெச்சுக் கூப்பிட்டனுங்க டீச்சர்,” என்றார். “எங்கூட்ல எங்கம்மா என்னயக் கூப்பிட்டதுங்க அது. அதயப் போயி…” முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தப்பு அவருடையது இல்லை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

பெரியம்மாவை அங்கேயே வரவழைத்தேன். கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள். கையெல்லாம் கறை. விஷயத்தைச் சொன்னதும் அவள் அதிர்ந்துபோவாள் என்று நினைத்தேன். அவள் அதிரவில்லை. “சொல்லிறாதீங்க டீச்சர்,” என்றாள்.

“எதை?”

“அவ வரமாட்டான்னு. இதுவரைக்கும் எம்புள்ள ஒரு சொட்டு அழல. காலையில எந்திரிக்கா, தலை சீவிக்கிடுதா, ஸ்கூலுக்குப் போவோம் போவோம்னு நிக்கா. எதுக்கு? அம்மா வருவாள்னுதான். அதையும் பிடுங்கிட்டீங்கன்னா அவ எதுக்கு எந்திரிப்பா?” கறைக் கையாலேயே கண்ணைத் துடைத்தாள். “எந்தங்கச்சிய ஒருக்கா மண்ணுல போட்டாச்சு. அவ மனசுலயும் போடச் சொல்லுதீங்களா?”

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. “காத்துக்கிட்டே இருந்தா இவளும் போயிருவா, அக்கா. டாக்டர் சொன்னத நீங்களும் கேட்டீங்கள்ல? இவளையும் படமா மாட்டி மாலை போடணுமா?” என்று கத்திவிட்டேன். இருவரும் அழுதோம். ஆயம்மாதான் எழுந்து சுவரோரம் இருந்த பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து அவளிடம் நீட்டினார். பழக்க தோஷத்தில் “குடிங்க” என்பதற்கு முன்னால் வாய் சாமி என்று திறந்தது, அப்படியே நிறுத்திக்கொண்டார். பெரியம்மா அதைப் பார்த்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, “நீங்களே சொல்லுங்க டீச்சர். என்னால முடியாது,” என்றாள்.

சொல்வது என்று இரவெல்லாம் வாக்கியங்கள் கோத்துப் பார்த்தேன். எதுவும் அவளுடைய சாட்சிகள் முன்னால் நிற்கவில்லை. தனி வாசலும் தனித் தட்டும் இருக்கிறவரை நான் என்ன சொன்னாலும் செல்லாது. அதனால் மறுநாள் மதியம் சாப்பாட்டு வாளி வந்ததும் அதைத் திருப்பி அனுப்பினேன். பிள்ளைகள் எல்லோரையும் எழுப்பி, வெளியே கூட்டிவந்து, கட்டடத்தைச் சுற்றி நடத்தி, முன் கேட் வழியாகவே உள்ளே போனேன். ஆயம்மா கடைசியில் வந்தார். தலைமை ஆசிரியர் வராந்தாவில் நின்று, “டீச்சர், இது பெர்மிஷன்…” என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டார். இன்றுவரை நான் அவருக்கு அதற்கு நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டும்.

சாப்பாட்டு ஹாலில் ஒரே இரைச்சல். எங்களைப் பார்த்ததும் வரிசை வரிசையாக அடங்கியது. நான் அந்தச் சிறுமியை மூன்றாம் வகுப்புப் பெண்கள் வரிசையில், கிடைத்த இடுக்கில் உட்காரவைத்தேன். எல்லோருக்கும் வைக்கிற தட்டையே அவளுக்கும் வைத்தார்கள். சோறும் பயறும் விழுந்தன. அவள் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

பக்கத்தில் இருந்தவள் ஒரு குண்டுப் பெண், இரட்டைப் பின்னல். அவளுக்குப் பயமெல்லாம் பசிக்கு அப்புறம்தான் போல. “ஏட்டி, முழங்கைய எடு. என் தட்டுல இடிக்குதுல்ல?” என்று தோளால் ஒரு நெட்டு நெட்டினாள்.

சிறுமி கண்ணைத் திறந்தாள். இடிபட்ட முழங்கையைப் பார்த்தாள். பின்னல்காரியைப் பார்த்தாள். “நான் உனக்குத் தெரியிறேனா?” என்று கேட்டாள்.

“நீ என்ன கண்ணாடியா? தள்ளி உக்காரு புள்ள.”

ஹாலின் மறு கோடியில் டமார் என்று ஒரு சத்தம். மேசை கவிழ்க்கிற பையன் சாம்பார்ப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு யாரோடோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். ஆயம்மா அவன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினார். சத்தத்துக்கு இவள் பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிடுவாள் என்று நான் எட்டிப் பிடித்தேன். அவள் புகவில்லை. என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

“நாம உசுரோடதான் இருக்கோமா டீச்சர்?”

“ஆமா புள்ள. நீ, நான், இவ, ஆயம்மா, எல்லாரும்.”

“அப்ப எதுக்கு எங்களத் தனியா வச்சீங்க?”

“எனக்குத் தெரியல,” என்றேன். “இனிமே நீ இங்கதான் சாப்பிடுவ. எவன் வந்து கேட்டாலும் சரி.”

அவள் என் கையை விட்டாள். ஒரு பிடி சோற்றை எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். அதை விழுங்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. அந்த நேரத்தில் அவள் முகத்தில் ஏதோ ஒவ்வொன்றாகக் கணக்குக்கு வந்துகொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிறுத்த எனக்கு வழி இல்லை.

“அப்ப,” என்றாள், “அம்மா மட்டுந்தானா டீச்சர்?”

“ஆமா,” என்றேன்.

அவள் வாயில் சோறு இருக்கும்போதே அழ ஆரம்பித்தாள். ஹாலே திரும்பிப் பார்க்கும்படி, அம்மா அம்மா என்று அழுதாள். பின்னல்காரி பயந்துபோய் இடித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். ஒரு பிள்ளை அழுவதைக் கேட்டு நான் அப்படிச் சந்தோஷப்பட்டதும் இல்லை, அப்படி நொறுங்கியதும் இல்லை. அழுதுகொண்டே அவள் அடுத்த பிடியை எடுத்தாள். நான் பரிமாறுகிற அக்காவைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் பயறு வைக்கச் சொன்னேன்.